மகாகனம் சாஸ்திரியாரும் ஐம்பது காசும்

(புக்கிட் பெருவாங்கில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இருபதாம் நூற்றாண்டில் விளங்கிய அரசியல் தலைவர் ஒருவருடைய சரித்திரத்தை எடுத்துப் பேசவேண்டும் என்று நீங்கள் பணித்தபோது, கூட்டம் நடைபெறுவது மலாக்காவில் ஆதலால், நேதாஜி சுபாஷ் சந்திர போஸைப் பற்றியோ மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தனைப் பற்றியோ நான் பேசக்கூடும் என்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். அவ்விருவரைப் பற்றியும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, இந்நாட்டுத் தமிழர் ஒருகாலத்தில் பெருநம்பிக்கையோடு வரவேற்று, பிறகு மனக்கசப்போடு விமர்சித்து, அதன்பின் அடியோடு மறந்தும் போய்விட்ட ஒருவரை இன்று நினைவுகூரத் துணிந்தேன். அவர் வலங்கைமான் சங்கரநாராயண ஸ்ரீநிவாச சாஸ்திரி. பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சிலில் அங்கத்தினராகி 'ரைட் ஆனரபிள்' என்னும் பட்டத்துக்கு உரியவரான அவரை அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் மகாகனம் சாஸ்திரியார் என்றே எழுதின; நானும் சாஸ்திரியார் என்றே சொல்லிச் செல்கிறேன்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வைதிகத் தொழிலன்றி வேறு வருவாயில்லாத ஏழைக் குடும்பத்தில், 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி அவர் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி. பத்தே நாட்கள் மூத்தவரான சாஸ்திரியாரை அடிகள் தமையனாராகவே மதித்து வந்ததும், அரசியலில் இருவரும் ஒத்துப்போன சந்தர்ப்பங்கள் மிகச் சிலவாக இருந்தும் அந்த மதிப்பு இறுதிவரை குன்றாமலிருந்ததும் அவ்விருவரையும் அறிய விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயங்களாகும்.

கும்பகோணத்தில் கல்வி முடித்துப் பட்டம் பெற்ற சாஸ்திரியார், மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக அமர்ந்தார். இவ்வூர்ப் பெயர்களைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஜில்லாவும் சேலம் ஜில்லாவும் மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய ஜில்லாக்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களிற் பலர், அவர் பிறந்து வளர்ந்த காவிரிக்கரை மண்ணிலிருந்தே புறப்பட்டவர்கள். ஆயினும் அக்கிரகாரத்துக்கும் அவர்கள் குடியிருந்த சேரிக்கும் இடையில் இருந்த தூரம், நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் இருந்த தூரத்தைவிடக் குறைந்ததென்று சொல்வதற்கில்லை.

ஆசிரியராக இருந்த காலத்திலேயே பொதுக்காரியங்களில் அவருக்கு நாட்டம் உண்டாயிற்று. 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1906-இல் கோபால கிருஷ்ண கோகலேயைச் சந்தித்தார். மறு ஆண்டிலேயே தலைமையாசிரியர் உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் துறந்து, கோகலே பூனாவில் தோற்றுவித்திருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். வறுமையை விரதமாக ஏற்று, தேசத்தின் பொருட்டே வாழ்நாளைச் செலவிடுவதாகப் பிரமாணம் செய்துகொண்டவர்களே அச்சங்கத்தில் அங்கத்தினராக இயலும். முப்பத்தெட்டு வயதில், குடும்பப் பொறுப்புள்ள ஒருவர், கௌரவமான பதவியை உதறிவிட்டு அத்தகைய விரதத்தை மேற்கொண்டதை எண்ணிப் பார்க்கவேண்டும். கோகலே போன்ற மிதவாதிகளைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்கள், அவர்கள் சுகவாசிகள் என்னும் ஓர் எண்ணத்தைப் பரப்பிவிட்டார்கள். அவ்வெண்ணம் சாஸ்திரியார் விஷயத்தில் சிறிதும் பொருந்தாது.

1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தார். சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த காந்தியடிகள் அச்சங்கத்தில் சேர விரும்பினார். அவருடைய வழிமுறைகளுக்கும் தங்கள் வழிமுறைகளுக்கும் உள்ள வேற்றுமையை எண்ணி அங்கத்தினர் தயங்கியதை உணர்ந்து, தாமே பெருந்தன்மையுடன் விலகிக்கொண்டார். இந்திய சரித்திரத்தின் போக்கு அந்த ஒரு தயக்கத்தில் எவ்வளவோ மாறியிருக்கலாம் என்று ஆராய்வதற்கு இது சமயமன்று.

சென்னைச் சட்டசபை, இம்பீரியல் சட்டசபை, கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்று அடுத்தடுத்து அவர் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை. 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து இம்பீரியல் சட்டசபையில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். சர்க்காரின் நண்பர் என்று கருதப்பட்ட ஒருவர், சர்க்காரின் முகத்துக்கு நேரே, குரலை உயர்த்தாமல், நிரபராதிகளை இச்சட்டம் எவ்வாறு வதைக்கும் என்று எடுத்துக்காட்டிய அப்பேச்சு அவருடைய பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. ஆங்கில பாஷையை ஆங்கிலேயரும் வியக்கும்படி கையாண்டமையால் 'வெள்ளி நாக்கு' என்னும் விருதுப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அப்பெயர் அவருக்கு அணியாயிற்று, இடையூறாகவும் ஆயிற்று. என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு எப்படிச் சொன்னார் என்பதையே ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காமல் அவர் காங்கிரஸிலிருந்து பிரிந்து, மிதவாதக் கட்சியிலே நின்றார். அதன்பின் அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் கடல்கடந்த இந்தியரின் பொருட்டே கழிந்தது. 1921-இல் லண்டனில் கூடிய சாம்ராஜ்ய மகாநாட்டில், சாம்ராஜ்யத்தின் பிற பகுதிகளில் நிலையாகக் குடியேறிய இந்தியருக்குச் சமமான பிரஜா உரிமை வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் நிறைவேறச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு இசையவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அவர் அமெரிக்கத் தலைநகரமான வாஷிங்டனுக்குச் சென்றார். அங்கு நடைபெற்ற ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், அதன் விளைவு இருபது ஆண்டுகளுக்குப் பின் இந்த மலாக்காவின் தெருக்களுக்கே வந்து சேர்ந்தது.

1921 நவம்பர் 12-ஆம் தேதி தொடங்கி 1922 பிப்ரவரி 6-ஆம் தேதி முடிவுற்ற வாஷிங்டன் மகாநாடு, வல்லரசுகள் போட்டியிட்டுப் போர்க்கப்பல் கட்டுவதை நிறுத்தும் பொருட்டுக் கூடியது. ஜப்பானின் தலைமைப் பிரதிநிதியாக வந்தவர் அந்நாட்டின் கடற்படை மந்திரி கட்டோ தோமோசபுரோ. 1861-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1905 மே மாதம் சுஷிமாக் கடற்போரில் ருஷ்யக் கடற்படை அழிந்தபோது, அட்மிரல் தோகோவின் பக்கத்தில் மிகாசாக் கப்பலின் தளத்தில் நின்றவர். இத்தகைய போர்வீரர் ஒருவர் சமாதானத்தின் பொருட்டு என்ன விட்டுக்கொடுப்பார் என்று உலகம் ஐயுற்றது. பெரும் போர்க்கப்பல்களின் நிறை, அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலைக்கு 525,000 டன், ஜப்பானுக்கு 315,000 டன், அதாவது ஐந்துக்கு ஐந்துக்கு மூன்று என்று இருக்கவேண்டும் என அமெரிக்கா சொல்லிற்று. பத்துக்கு ஏழுக்குக் குறைவாக ஏற்கலாகாதென்று ஜப்பானியக் கடற்படை நிபுணர் பிடிவாதமாயிருந்தனர். கட்டோவோ, தேசப் பாதுகாப்பு என்பது படைவீரர்களின் ஏகபோகம் அன்று; பணமின்றிப் போர் இல்லை; கடன் கொடுக்கவல்ல நாடு அமெரிக்கா ஒன்றே; அந்த அமெரிக்காவோடு போரிடுவது எங்ஙனம் என்று தெளிந்து, பத்துக்கு ஆறு என்பதற்கு உடன்பட்டார். ஆனால் வெறுங்கையோடு உடன்படவில்லை. பிலிப்பைன்ஸ், குவாம், ஹாங்காங் முதலிய இடங்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் புதிய கோட்டை கொத்தளங்களை அமைக்கலாகாது என்பதை விலையாகப் பெற்றுக்கொண்டார். கட்டி முடித்த முட்சு என்னும் போர்க்கப்பலையும் அழிவிலிருந்து காத்துக்கொண்டார். நாடு திரும்பிய அவர் 1922 ஜூன் மாதம் பிரதம மந்திரியாகி, சைபீரியாவிலிருந்து ஜப்பானியப் படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு, 1923 ஆகஸ்டு 24-ஆம் தேதி பதவியிலிருக்கும்போதே நோயுற்று மாண்டார். ஒரு வாரம் கழித்து டோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. அவருக்குப்பின் அவர் அளவு படைவீரர்களை அடக்கியாளும் செல்வாக்கு வாய்ந்த மந்திரி ஜப்பானியக் கடற்படைக்கு வாய்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதே உடன்படிக்கையில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பிரதிநிதிகளின் வரிசையில், இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர் சாஸ்திரியார். கட்டோவின் கையொப்பத்துக்குப் பின்னால் கப்பல்கள் இருந்தன. ஒன்றை விட்டால் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். சாஸ்திரியாரின் கையொப்பத்துக்குப் பின்னாலோ முப்பது கோடி ஜனங்கள் இருந்தும், பேரம் பேசுவதற்குரிய பொருள் ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது நாக்கு ஒன்றே. அவருடைய பொதுவாழ்வு முழுவதையும், அவர் வென்ற இடங்களையும் தோற்ற இடங்களையும், இந்த ஒரு வேற்றுமையைக் கொண்டு அளந்தால்தான் நியாயமாக அளக்கலாம். சிங்கப்பூரில் பெருங் கடற்படைத் தளம் அமைப்பதென்று பிரிட்டன் தீர்மானித்ததும் 1921-ஆம் ஆண்டில்தான். கோட்டை கட்டலாகாதென்ற தடையின் எல்லைக்குள் சிங்கப்பூர் சேர்க்கப்படவில்லை. அத்தளம் 1938-இல் திறக்கப்பட்டு, 1942 பிப்ரவரி 15-இல் ஜப்பானியர் கைக்கு மாறியது. அதற்கு ஒரு மாதம் முன்னரே அவர்கள் மலாக்காவைப் பிடித்துவிட்டார்கள்.

வாஷிங்டனிலிருந்து திரும்பியபின் சாஸ்திரியார் 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசீலந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து, அங்குள்ள இந்தியரின் உரிமைக்காகப் பேசினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் இந்தியப் பிரஜைகளுக்கு 1925-இல் வாக்குரிமை கிடைத்தது. கென்யா விஷயத்தில் 1923-இல் அவர் படுதோல்வி அடைந்தார். மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் சர்க்கார் முடிவுகட்டியபோது, சாம்ராஜ்யத்துக்குள் சமத்துவம் என்னும் அவருடைய நம்பிக்கையில் முதல் விரிசல் கண்டது. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய சர்க்காரின் முதல் ஏஜண்டாக இருந்து, இந்திய வியாபாரிகளிடம் நன்கொடை திரட்டி டர்பன் நகரில் இந்திய மாணவருக்கெனக் கல்லூரி ஒன்றை எழுப்பினார். அது சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. 1928-இல் சர்க்கார் அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை வேண்டாமென்று மறுத்தார். 1931-இல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் உருவாவதற்கு சாப்ரு, ஜெயகர் என்னும் இரு தலைவர்களோடு நடுவிலிருந்து உழைத்தார். 1935-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். அப்பதவியில் இருக்கும்போதுதான், அறுபத்தேழாவது வயதில், இந்திய சர்க்காரின் வேண்டுகோளுக்கு இணங்கி 1936 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார்.

அவர் வந்தபோது இந்நாட்டின் நிலைமை என்ன? இரப்பரைத் தோட்டப் பயிராக்கி வாணிபம் செய்யலாமென்று இந்நாட்டில் முதன்முதலிற் காட்டியவர் நம் மலாக்காக்காரரான டான் சாய் யான் என்னும் சீனத் தனவந்தர். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் தொடங்கிய அம்முயற்சி, பின்னர் புக்கிட் அசகானில் மூவாயிரம் ஏக்கராக விரிந்தது. இந்தப் புக்கிட் பெருவாங்கிலிருந்து காரில் புறப்பட்டால் சில மணி நேரத்துக்குள் இவ்விரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் பார்ப்பார் அரியர். மோட்டார் வண்டி பெருகப் பெருக இரப்பர் பெருகிற்று. இரப்பர் பெருகப் பெருகத் தமிழர் வந்தனர். சஞ்சிக் கூலி எனப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் முறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே பிரதானமாயிற்று. தோட்டத்துத் துரையிடம் அனுமதிச்சீட்டுப் பெற்று ஊர் திரும்பும் கங்காணி, தன் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவான்; அவர்கள் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்த நாளெல்லாம் தலைக்கு இவ்வளவென்று அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆள் அழைத்து வந்தவனே மேற்பார்வைக்காரன். அவனே சில சமயம் கடன்கொடுப்பவன். சண்டை வந்தால் நியாயம் சொல்பவனும் அவனே. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயாவில் இருந்த இந்தியர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தமிழர்; அத்தமிழரிற் பலர் தோட்டத் தொழிலாளர்.

1928-இல் சர்க்கார் நிர்ணயித்த கூலி, முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து இரப்பர் விலை வீழ்ந்தவுடன் அக்கூலியும் வீழ்ந்தது. சிற்சில இடங்களில் முப்பது காசுக்கும் கீழே இறங்கிற்று. 1930 முதல் சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர் வேலையின்றித் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1934-இல் சர்வதேச இரப்பர்க் கட்டுப்பாடு ஏற்பட்டு விலை தலைதூக்கியது. உடனே தோட்டக்காரர்களுக்கு மீண்டும் ஆள் வேண்டியிருந்தது. விலை விழுந்தால் கப்பலேற்றித் திருப்பியனுப்புவது, விலை ஏறினால் கப்பலேற்றி வரவழைப்பது என்னும் இம்முறையை இந்தியாவிற் பலர் வெறுத்தனர். இனியும் தமிழரை அனுப்பலாமா, அனுப்பினால் எந்த நிபந்தனையின்மேல் அனுப்புவது என்று நேரிற் கண்டு சொல்லவே சாஸ்திரியார் வந்தார். அதே 1936-ஆம் ஆண்டில் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியிருந்தது. அச்சங்கத்தார் பெரும்பாலும் படித்தவர், வக்கீல்கள், வியாபாரிகள். தென்னாப்பிரிக்காவில் பேசிய நாக்கு இங்கும் பேசும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

1937-இல் வெளிவந்த அறிக்கை அவர்களுக்கு ஏமாற்றத்தையே தந்தது. தமிழர் மலாயாவுக்கு வருவதைத் தடுப்பதற்குக் காரணம் ஒன்றும் தாம் காணவில்லை என்று சாஸ்திரியார் எழுதினார். தோட்டக்காரரும் சர்க்காரும் அதைக் கண்டு மகிழ்ந்தனர். சங்கத்தாரோ, இவர் குறுகிய காலத்தில் சுற்றிப்பார்த்துவிட்டு, தொழிலாளியின் குடிமை அந்தஸ்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் அழுத்தமாக ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் என்று குறைகூறினர். அக்குறை நியாயமானதே என்று நான் கருதுகிறேன். துரை முன்னே நிற்க, கிராணி பக்கத்தில் நிற்க, கங்காணி பின்னே நிற்க, "உனக்கு இங்கே என்ன குறை?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டால், லயத்து வாசலில் நிற்கும் தொழிலாளி என்ன பதில் சொல்வான் என்பதை இங்கே உள்ள பாட்டிமார்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஆயுள் முழுதும் அரங்குகளிற் பேசிப் பழகியவர்களுக்கு மௌனத்தைப் படிப்பது எளிதன்று. இன்னொன்றும் சொல்லவேண்டும். லண்டனையும் ஜெனீவாவையும் மயக்கிய அந்த ஆங்கிலம், யாருடைய நலத்துக்காக அவர் வந்தாரோ அவர்களுடைய காதில் ஒரு சொல்லாகவும் விழவில்லை. தோட்டத்தில் அவருடைய நாவன்மை பயனற்றுப் போயிற்று.

ஆனால் அறிக்கையில் இரண்டு பரிந்துரைகள் இருந்தன. ஒன்று, கங்காணி மூலம் ஆள்சேர்க்கும் முறை இனித் தேவையில்லை; தானே விரும்பி வருபவன் வரட்டும் என்பது. மற்றொன்று, 1928-ஆம் ஆண்டின் கூலியை, அதாவது ஆணுக்கு ஐம்பது, பெண்ணுக்கு நாற்பது காசை, மீண்டும் கொடுக்கவேண்டும் என்பது. ஐம்பது காசு என்பது அவர் புதிதாகக் கண்டுபிடித்த எண் அன்று. மலாயாச் சர்க்காரே ஒருகாலத்தில் நியாயமென்று ஒப்புக்கொண்டு, பின்னர்க் கைவிட்ட எண். வேறொருவராயிருந்தால் ஒரு வெள்ளி கேட்டிருப்பார், கைதட்டலும் பெற்றிருப்பார், கோரிக்கை கோப்பிலே உறங்கியிருக்கும். சாஸ்திரியாரோ, எதிர்க்கட்சி மறுக்கமுடியாத, அவர்களே முன்பு கையொப்பமிட்ட எண்ணைத் தேடியெடுத்து, இந்திய சர்க்காரின் பிரதிநிதி என்னும் முத்திரையோடு அதை மீண்டும் மேசைமேல் வைத்தார். வக்கீல் தொழில் செய்யாத அவரிடம் நல்ல வக்கீலுக்குரிய இந்தச் சாமர்த்தியம் இருந்தது. அதை இங்குள்ளவர்கள் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1937-இல் கூலி ஐம்பது காசுக்கு ஏறியது. 1938-இல் இரப்பர் விலை மீண்டும் சரியத் தொடங்க, தோட்டக்காரர் ஐந்து காசைக் குறைத்தனர். ஐந்து காசுதானே என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இந்திய சர்க்கார் அதை ஏற்கவில்லை. 1938 ஜூன் 15-ஆம் தேதி முதல் பயண உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதையே தடைசெய்துவிட்டது. கங்காணிகள் அனுமதிச்சீட்டோடு ஊர்சென்று ஆள் திரட்டிய காலம் அன்றோடு முடிந்தது. குடிபெயர்வைத் தடுக்கக் காரணமில்லை என்று எழுதிய அதே கை எழுதிய எண்தான், அது மீறப்பட்டபோது, தடைக்கு அளவுகோலாயிற்று. சாஸ்திரியார் இதை விரும்பினாரா என்பது வேறு விஷயம். காகிதத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டால், எழுதியவனின் மிதவாதத்தையும் மீறி அது வேலை செய்யும் என்பதற்கு நம் சரித்திரத்தில் இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அறிக்கையின் பார்வைக்கு அகப்படாமற்போனது எதுவென்று 1941-இல் கிள்ளானில் தெரிந்தது. அவ்வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலியுயர்வை மட்டுமா கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கேட்டார்கள். துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். இறுதியிற் சொன்னதே முதலில் சொல்லப்பட வேண்டியது. அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர், 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன். அவர் கைதாகி நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சைக்கிளைவிட்டு இறங்குவதில் உள்ள அவமானத்தை எந்த அறிக்கையின் அட்டவணையும் காட்டாது. அதை இறங்கியவனே சொல்லவேண்டும். ஆனாலும், கூலி விஷயத்தில் கிள்ளான் தொழிலாளி ஐம்பது காசைக் கேட்டுப் போராடவில்லை. ஐம்பது காசின் மேலே நின்றுகொண்டு போராடினான் என்பதையும் மறத்தலாகாது.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். கட்டோ பேசி முடித்த உடன்படிக்கையை அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே கிழித்தெறிந்திருந்தார்கள். பிறகு என்ன நடந்தது என்பதை, சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத பல்லாயிரவரின் சந்ததியாராகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சாஸ்திரியாரின் இறுதிக்காலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1940-இல் சென்னைச் சர்க்கார் அமைத்த கலைச்சொற் குழுவுக்கு அவர் தலைவரானார். விஞ்ஞானச் சொற்களை வடமொழியின் துணைகொண்டு ஆக்கவேண்டும் என்னும் போக்கு அக்குழுவில் மேலோங்கியதால் தமிழறிஞரின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். அவ்விஷயத்தில் காலம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. 1944-இல் சென்னையில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றில் ராமனை அவதாரமாக அல்லாமல் மனிதனாகவே வைத்து ஆராய்ந்தார். பக்தர்களுக்கு அது சற்று உறுத்தியிருக்கும். 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடந்த அவரைச் சென்று கண்டார். ஒருவர் சட்டத்தை மீறுவதையே வழியாகக் கொண்டவர். மற்றவர் சட்டத்தின் வழியன்றி வேறு வழி அறியாதவர். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி சாஸ்திரியார் காலமானார். சுதந்திரத்தைக் காண இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன.

அவரை நாம் எப்படி மதிப்பிடுவது? சாம்ராஜ்யத்தின் நியாய உணர்ச்சியில் அவர் வைத்த நம்பிக்கை பொய்த்தது என்பதில் ஐயமில்லை; கென்யாவே அதைப் பொய்ப்பித்தது. அவருடைய பிரசங்கங்களை இன்று வாசிப்பவர் சிலரே. ஆனால் கூலி என்பது துரையின் தயவன்று, அது எழுதிவைத்துக் கேட்கத்தக்க ஓர் எண் என்னும் எண்ணம் இந்நாட்டுத் தோட்டங்களில் வேரூன்றியதற்கு, அவர் எழுதிய ஒல்லியான அறிக்கைக்கும் பங்குண்டு. பிற்காலத்துத் தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு காசுக்கும் வாதாடியதற்கு முன்னோடியாக இதைக் கொள்வதில் தவறில்லை. பேச்சாளராகப் புகழ்பெற்ற ஒருவர் நமக்கு உதவியது பேச்சால் அன்று, கணக்கால் என்பதே என் முடிவு. அவரை மன்னிக்கவேண்டியதற்கு மன்னித்து, நன்றி சொல்லவேண்டியதற்கு நன்றியும் சொல்லிவிடலாம்.

முடிப்பதற்கு முன் இந்த அறக்கட்டளையாரிடமும் உங்களிடமும் ஒரு விண்ணப்பம். தஞ்சாவூரிலிருந்து வந்தவர் எழுதிய கணக்கு நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் டுரியான் துங்காலிலும் பால்வெட்டியவர்களின் கணக்கு உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், லயங்கள் இடிக்கப்பட்டு வீட்டுமனைகள் எழுந்தபோதும், எத்தனையோ செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகங்கள் குப்பைக்குப் போயின. எஞ்சியுள்ள சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, பிறப்புப் பத்திரம், கடைக் கணக்கு நோட்டு எதுவானாலும் சரி, தாத்தா பெயர் தப்பாக எழுதியிருந்தாலும் சரி, செல்லரித்திருந்தாலும் சரி, எறிந்துவிடாதீர்கள். அறக்கட்டளையார் அவற்றைப் படியெடுத்து, மூலத்தை உங்களிடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இம்மேடையில் பேச வருபவர், அறிக்கைகளைவிட அவற்றை ஆதாரமாகக் கொண்டு பேசட்டும்.